புதுப்பிப்பு: ரிலேச் சொற்களில் 'பிக்கப்' குறித்து ஒரு திருத்தம்

மிகை மின்னோட்ட ரிலேக்களின் (லைனில் மின்னோட்டம் அளவு மீறுவதைக் கண்டு, 'பிரேக்கர்' எனும் மின்துண்டிப்பானைத் திறக்கச் சொல்லும் காப்புக் கருவிகளின்) கலைச்சொற்களை விளக்கிச் சென்ற வாரம் நான் தொடங்கிய இழையில், 'பிக்கப்' என்பது ரிலே பிரேக்கரைத் திறக்கும் மின்னோட்ட அளவு என்று எழுதியிருந்தேன். அது தவறு என்று ஒரு வாசகர் சுட்டிக்காட்டியது சரியே. பிக்கப் என்பது ரிலே லைனில் உள்ள பிழையை (குறுக்குச்சுற்று போன்ற பழுதை) உணர்ந்து நேரத்தை எண்ணத் தொடங்கும் எல்லை மட்டுமே. பிரேக்கருக்குத் திறப்பு ஆணை செல்லும் 'டிரிப்' அதற்குப் பின்னரே நிகழ்கிறது.

எடுத்துக்காட்டாக, 400/1 சி.டி.யுடன் (லைனின் 400 ஆம்பியரை 1 ஆம்பியராகக் குறைத்து ரிலேக்குத் தரும் மின்னோட்ட மாற்றியுடன்) இணைந்த ரிலேயில் பிக்கப்பை 1 ஆம்பியர் என வைத்தால், லைனில் 400 ஆம்பியரைத் தாண்டியதும் அது விழித்துக்கொள்கிறது. பிழை மின்னோட்டம் 4000 ஆம்பியர், அதாவது பிக்கப்பைப்போல் 10 மடங்கு என்றால், மின்னோட்டம் கூடக் கூடக் காத்திருப்பு குறையும் ஐ.இ.சி. (பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம்) 'ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ்' வளைவின்படி, நேரப் பெருக்கி (அந்தக் காத்திருப்பைக் கூட்டிக் குறைக்க ரிலேயில் வைக்கும் எண்) 0.1 ஆக இருக்கையில், ஏறத்தாழ 0.3 நொடியில் டிரிப் ஆகும். 800 ஆம்பியர் மட்டும் பாய்ந்தால் அதே ரிலே சுமார் 1 நொடி காத்திருக்கும்.

'ஓவர்ஷூட்' என்றால் என்ன என்றும் ஒருவர் கேட்டிருந்தார். பழைய தூண்டல் வட்டு ரிலேயைச் சோதிக்கும்போது கண்ணாடி வழியே பார்த்தால், ஊட்டிய மின்னோட்டத்தை நிறுத்திய பின்னும் உலோக வட்டு உந்தத்தால் சற்றே முன்னேறிவிட்டு, பிறகு சுருள்வில்லின் இழுப்பில் நிதானமாகத் திரும்புவதைக் காணலாம். பிழைக்கு அருகிலுள்ள ரிலே முதலில் டிரிப் ஆவதற்காக அடுத்தடுத்த ரிலேக்களுக்கிடையே விடும் கால இடைவெளியில், ஓவர்ஷூட் எனும் இந்தக் கூடுதல் முன்னேற்றத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டியிருந்தது. நுண்செயலியால் கணக்கிட்டு இயங்கும் நியூமரிக்கல் ரிலேயில் சுழலும் வட்டே இல்லாததால், அந்த இடைவெளியைக் குறைக்க முடிகிறது.

பிக்கப்புக்கு இனி 'தொடக்க அளவு' என்றே எழுதுவேன். அதற்கு 'எழுச்சி' என்ற சொல் ஏனோ எனக்கு ஒப்பவில்லை.