ரெஸ்யூமே: எழுதியவர்கள், படித்தவர்கள், திருத்திக் கொடுத்தவர்கள் பகிரும் அனுபவங்கள்

ஆட்சேர்ப்புப் பணியில் இருப்பவர்

விண்ணப்பங்களைப் படித்து, யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்று முடிவு செய்வது என் வேலை. திறமையுள்ள பலர் முதல் கட்டத்திலேயே விடுபட்டுப் போவதைப் பார்த்து உண்மையாகவே வருந்துகிறேன். அவர்கள் செய்த வேலை தாளில் வந்து சேராததுதான் பெரும்பாலும் காரணம். அதனால்தான் இந்தப் பேச்சைத் தொடங்குகிறேன்.

கிடங்கு மேற்பார்வையாளர் பணி ஒன்றுக்கு வந்த இரண்டு ரெஸ்யூமேக்களைப் பற்றிச் சொல்கிறேன். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே படிப்பு, ஒரே அளவு அனுபவம். முதலாமவர் எழுதியிருந்தது: “சரக்கு இருப்பு மேலாண்மை, ஊழியர் மேற்பார்வை, அறிக்கை தயாரித்தல் ஆகியவற்றுக்குப் பொறுப்பு.” இரண்டாமவர் எழுதியிருந்தது: “பதிவேட்டு இருப்புக்கும் கிடங்கில் இருந்த சரக்குக்கும் 4 சதவீத வேறுபாடு இருந்தது. ஆண்டு முடிவில் மொத்தமாக எண்ணுவதை விடுத்து, வாரம் ஒரு பிரிவாக எண்ணும் முறையைக் கொண்டுவந்தேன். ஓராண்டில் வேறுபாடு 1 சதவீதத்துக்குக் கீழ் இறங்கியது.”

முதலாமவரும் இதே வேலையைச் செய்திருக்கலாம். இன்னும் நன்றாகக்கூடச் செய்திருக்கலாம். ஆனால் அவர் எழுதியது அந்த நாற்காலியில் யார் அமர்ந்தாலும் பொருந்தும். பணி நியமன ஆணையில் ஏற்கெனவே இருக்கும் வரிகள் அவை. இரண்டாமவரின் வரிகளை வேறொருவர் எழுத முடியாது. அவரை அழைத்தோம். நேர்காணலில் பாதி நேரம் அந்த எண்ணும் முறையைப் பற்றியே பேசினோம்.

கூகுளின் மனிதவளப் பிரிவுக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் ஓர் எளிய வடிவத்தைப் பரிந்துரைத்தார்: எதைச் சாதித்தேன், அது எவ்வளவு, அதற்காக என்ன செய்தேன். மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும். நான் பார்த்த வரையில் பலர் மூன்றாவதை மட்டும் எழுதுகிறார்கள். சிலர் அதையும் எழுதுவதில்லை.

இன்னொன்று. தி லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம், ஆட்சேர்ப்பாளர்களின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தது. 2012இல் முதல் பார்வைக்குச் சுமார் 6 வினாடிகள் என்றது, 2018இல் 7.4 வினாடிகள் என்றது. கேட்பவர்களுக்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் அது பிரித்து வைக்கும் பார்வை மட்டுமே. அந்த நேரத்தில் கண் போவது பெயர், இப்போதைய பதவி, முந்தைய பதவி, தேதிகள், படிப்பு ஆகியவற்றுக்குத்தான். அவை தேடாமல் கிடைத்தால் நான் மேலே படிக்கிறேன். அதன்பின் நிறுத்தி நிதானமாகவே படிக்கிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

செவிலியர்

எண்களைப் போடச் சொல்லும் எல்லோரிடமும் எனக்கு ஒரு வாக்குவாதம் உண்டு. விற்பனையில் இருப்பவருக்கு எண் இருக்கிறது. நோயாளிக்கு ஊசி போட்டு, இரவெல்லாம் விழித்திருந்து, உறவினர்களுக்கு ஆறுதல் சொல்பவருக்கு என்ன எண் இருக்கிறது? “நோயாளிகள் பராமரிப்பு” என்றுதான் நாங்கள் எல்லோரும் எழுதுகிறோம்.

என்னுடைய மூத்த செவிலியர் ஒருவர் என் தாளை வாங்கி வைத்துக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார். உன் வார்டில் எத்தனை படுக்கைகள்? ஒரு முறைப்பணியில் உன் பொறுப்பில் எத்தனை பேர்? வென்டிலேட்டரில் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறாயா? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நீ சொல்லிக்கொடுத்தது உண்டா? நான் சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் என் ரெஸ்யூமேயில் இருந்த வரி இது: “12 படுக்கைகள் கொண்ட தீவிர சிகிச்சைப் பிரிவு, ஒரு முறைப்பணிக்கு 2 நோயாளிகள், வென்டிலேட்டர் பராமரிப்பு, மருந்து உட்செலுத்தும் பம்புகள், புதிய செவிலியர்களுக்குப் பணியிடப் பயிற்சி.”

இதில் சாதனை என்று எதுவும் இல்லை. அளவு மட்டுமே இருக்கிறது. ஆனால் எங்கள் துறையில் இருக்கும் ஒருவர் இதைப் படித்தவுடன் என்னை எந்தப் பிரிவில் நிறுத்தலாம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நேர்காணலில் என்னை யாரும் “அனுபவம் எப்படி?” என்று பொதுவாகக் கேட்கவில்லை. எந்த வகை வென்டிலேட்டர் என்றுதான் கேட்டார்கள்.

ஆட்சேர்ப்புப் பணியில் இருப்பவர்

சகோதரி சொன்னது மிகவும் சரி. முன்னேற்றத்தைக் காட்டும் எண் இல்லாதவர்கள் அளவைக் காட்டும் எண்ணை எழுதலாம்: எத்தனை பேர், எத்தனை படுக்கைகள், நாளுக்கு எத்தனை அழைப்புகள், மாதத்துக்கு எத்தனை பட்டியல்கள். சதவீதத்தைக் கற்பனையாக உருவாக்குவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

மென்பொருள் உருவாக்குபவர்

விண்ணப்பங்களைச் சேகரிக்கும் மென்பொருளோடு சில காலம் வேலை பார்த்தேன். அங்கே கண்டதைச் சொல்கிறேன், பலருக்குப் பயன்படும்.

என் நண்பர் ஒருவரின் ரெஸ்யூமே மிக அழகானது. இடப்பக்கம் ஒரு வண்ணப்பட்டை, அதில் தொடர்பு விவரங்கள், திறன்களுக்குப் பக்கத்தில் நிரம்பிய வட்டங்கள், வலப்பக்கம் பணி அனுபவம். ஓர் இடத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை. அந்தக் கோப்பைத் திறந்து, எல்லா எழுத்துகளையும் தேர்வு செய்து, நோட்பேடில் ஒட்டிப் பார்த்தோம். இடப்பக்கத்தில் இருந்ததும் வலப்பக்கத்தில் இருந்ததும் வரிக்கு வரி கலந்து கிடந்தன. ஒரு நிறுவனத்தின் பெயருக்கு நடுவில் ஒரு மொழியின் பெயர் வந்து நின்றது. தொலைபேசி எண் படமாகச் சேர்க்கப்பட்டிருந்ததால் அது வரவே இல்லை. அந்த வட்டங்களும் காணாமல் போயிருந்தன. வந்திருந்தாலும், ஐந்தில் நான்கு வட்டம் நிரம்பியிருப்பதை வைத்து யார் என்ன முடிவு செய்வது?

பக்கத்தை இடம், வலம் என்று பிரிக்காத அமைப்பு, வழக்கமான தலைப்புகள், தொடர்பு விவரங்கள் பக்கத்தின் முக்கிய எழுத்துப் பகுதியில், எழுத்தாகத் தேர்வு செய்யக்கூடிய பிடிஎஃப் அல்லது வேர்டு கோப்பு. இவ்வளவுதான் மாற்றினோம். அழைப்புகள் வரத் தொடங்கின. அவருடைய அனுபவத்தில் ஒரு சொல்லும் கூடவில்லை.

நோட்பேடு சோதனையை எல்லோரும் செய்து பாருங்கள். தமிழில் ரெஸ்யூமே அனுப்புகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். யுனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யுனிகோடில் எழுதினாலும் பிடிஎஃப் ஆனபின் கொம்பும் காலும் இடம் மாறி விழுவது உண்டு. அப்படி விழுந்தால் வேர்டு கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

“மென்பொருளே எல்லோரையும் நிராகரித்துவிடுகிறது” என்ற அச்சத்தையும் கொஞ்சம் தணிக்க விரும்புகிறேன். உரிமம் இருக்கிறதா, வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்பது போன்ற கேள்விகளுக்கு “இல்லை” என்று பதிலளித்தால் தானாக விலக்கப்படலாம். அதற்கு அப்பால், பெரும்பாலும் ஒரு மனிதர் தேடல் பெட்டியில் சொற்களைத் தட்டித்தான் ஆள் தேடுகிறார். வேலை அறிவிப்பில் உள்ள சொல்லையே, அது உங்களுக்கு உண்மையாகப் பொருந்தும் இடத்தில், எழுதுங்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்து வைக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். மென்பொருள் அதை உரையாக மாற்றும்போது எல்லாம் வெளியே தெரிந்துவிடும். நான் பார்த்திருக்கிறேன். பார்த்த மேலாளர் அந்த விண்ணப்பத்தை அதோடு மூடிவிட்டார்.

வரைகலை வடிவமைப்பாளர்

ஒரு விலக்கு. எங்கள் துறையில் பக்கத்தின் அமைப்பையே வேலைக்கான சான்றாகப் பார்ப்பார்கள். நான் இரண்டு வைத்திருக்கிறேன்: இணைய விண்ணப்பத்துக்கு எளிய பதிப்பு, ஆளிடம் நேரில் கொடுக்க வடிவமைத்த பதிப்பு. இரண்டிலும் சொற்கள் ஒன்றே.

பணிக்குத் திரும்பியவர்

என் தாயாருக்கு நோய் முற்றியபோது வேலையை விட்டேன். அவர் மறைந்தபின் மீண்டும் தேடத் தொடங்கியபோது, இடையில் இருந்த அந்த வெற்றிடம்தான் என்னை உறங்கவிடவில்லை. ஆண்டுகளை மட்டும் போட்டு மாதங்களை விட்டுவிடு என்றார் ஒருவர். பணி வரிசையை எடுத்துவிட்டுத் திறன் வரிசையில் எழுது என்றார் இன்னொருவர். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. மறைக்கிறேன் என்ற எண்ணத்தோடு நேர்காணலில் அமர்ந்தால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

மற்ற பணிகளைப் போலவே தேதி போட்டு ஒரு வரி எழுதினேன்: “குடும்ப உறுப்பினரின் பராமரிப்புக்காகப் பணி இடைவெளி. இக்காலத்தில் கணக்கியல் மென்பொருளின் புதிய பதிப்புக்கான சான்றிதழ்ப் படிப்பை முடித்தேன்.” காரணத்தை விரித்து எழுதவில்லை. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, நேர்காணல் செய்தவர், “இப்போது முழுநேரம் வர இயலுமா?” என்று மட்டும் கேட்டார். இயலும் என்றேன். அடுத்த கேள்வி கணக்கியலைப் பற்றியது. லிங்க்ட்இன் தளம்கூட 2022இல் பணி இடைவெளியைத் தனி இனமாகக் குறிப்பிடும் வசதியைத் தந்துவிட்டது. இப்படி நிற்பவர்கள் எவ்வளவு பேர் இருந்தால் அது நடந்திருக்கும்! இதே நிலையில் இருப்பவர்களுக்காகவே எழுதுகிறேன்: அந்த ஆண்டுகளுக்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

கல்லூரி ஆசிரியர்

மாணவர்களுக்கு ரெஸ்யூமே எழுதச் சொல்லிக்கொடுக்கும் முன் நான் எடுத்துக்காட்டுவது லியனார்டோ டா வின்சியின் கடிதத்தை. 1480களின் தொடக்கத்தில், முப்பது வயதை ஒட்டிய பருவத்தில், மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு அவர் தயாரித்த வரைவு இன்றும் இருக்கிறது. ஓவியத்தைப் பற்றித்தான் தொடங்கியிருப்பார் என்று மாணவர்கள் ஊகிப்பார்கள். அவர் தொடங்குவது பாலங்களில். எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், அகழி நீரை வடிக்கும் வழி, கோட்டையைத் தகர்க்கும் முறை, பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று வரிசையாகச் சொல்கிறார். அமைதிக் காலத்தில் கட்டடமும் கால்வாயும் அமைக்க முடியும் என்பதும், சிற்பமும் ஓவியமும் செய்ய முடியும் என்பதும் இறுதியில்தான் வருகின்றன. ஸ்ஃபோர்ஸாவுக்கு அப்போது போர்க் கவலை. நம்ப இயலாவிட்டால் செய்து காட்டத் தயார் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

இதைப் படித்த மாணவி ஒருவர் தன் ரெஸ்யூமேயை எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் “நோக்கம்” என்று மூன்று வரி: சவாலான சூழலில் வளர விரும்புகிறேன் என்பது போல. பிறகு பள்ளி மதிப்பெண்கள். கடைசி மூலையில், உள்ளூர் நூலகத்தின் நூல் பட்டியலைக் கணினிமயமாக்க உதவியது ஒரு சொற்றொடராக இருந்தது. அவர் விண்ணப்பித்ததோ தரவு உள்ளீட்டைச் சரிபார்க்கும் பணிக்கு! நோக்கத்தை எடுத்துவிட்டு, நூலக வேலையை மேலே கொண்டுவந்து, எத்தனை நூல்கள், ஒரே நூல் இருமுறை பதிவானதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை எழுதச் சொன்னேன். அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு அனுபவம் இல்லை என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. எழுதத் தகுந்ததென்று அவர்களிடம் யாரும் சொல்லாததால் அது கடைசி மூலையில் கிடக்கிறது.

நீளம் பற்றி: தொடக்க நிலையினருக்கு ஒரு பக்கம் போதும். பத்தாண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர் இரண்டாம் பக்கத்துக்குப் போகலாம். இதற்காக எழுத்தின் அளவைச் சுருக்கி நெருக்கிவிட வேண்டாம்.

வெளிநாடுகளுக்கு விண்ணப்பித்தவர்

ஒளிப்படம், பிறந்த தேதி, திருமண நிலை ஆகியவற்றைப் பற்றி நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இவை எதையும் போடுவதில்லை. போட்டால் படிப்பவர் சங்கடப்படுவார். ஜெர்மனியில் ஒளிப்படம் நீண்டகால வழக்கம். 2006இல் வந்த சம நடத்தைச் சட்டத்துக்குப் பிறகு நிறுவனங்கள் அதைக் கேட்பது குறைந்தாலும், பலர் இன்றும் இணைக்கிறார்கள்.

வெறும் பெயரே எவ்வளவு வேலை செய்கிறது என்பதை 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பொருளியலாளர்களான மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் போலத் தோன்றியவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயர் போலத் தோன்றியவற்றைவிட 50 சதவீதம் அதிக அழைப்புகள் வந்தன. நன்றாக எழுதியும் அழைப்பு வராதவர்கள் எல்லாப் பழியையும் தங்கள் மேல் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பின்னணிச் சரிபார்ப்பில் இருப்பவர்

படிப்பையும் தேதிகளையும் பற்றி ஒரு வேண்டுகோள். முடிக்காத படிப்பை “முடித்தேன்” என்று எழுதாதீர்கள். “மூன்றாம் ஆண்டு வரை படித்தேன்” என்பதில் எந்த இழுக்கும் இல்லை. யாஹூவின் தலைமைச் செயல் அதிகாரி ஒருவர் 2012 மே மாதம் பதவியிலிருந்து விலகினார். அவர் பெற்றிராத கணினி அறிவியல் பட்டம் அவருடைய தன்விவரக் குறிப்பில் இருந்தது வெளிவந்ததே அதற்குக் காரணமானது. கணக்கியல் பட்டம் அவரிடம் உண்மையாகவே இருந்தது.

வேலை தேடும் இளைஞர்

ஐயா, நான் ஒரு கூரியர் கிளையில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். “பொட்டலங்களைப் பெறுதல், பிரித்தல், வாடிக்கையாளர் சேவை” என்று எழுதியிருக்கிறேன். இப்போது விண்ணப்பிப்பது ஒரு வாடிக்கையாளர் உதவி மையத்துக்கு. மேலே சொன்ன எதுவும் என் வேலைக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை.

ஆட்சேர்ப்புப் பணியில் இருப்பவர்

நன்றாகப் பொருந்தும், தம்பி. உதவி மையத்தில் அவர்கள் தேடுவது, கோபத்தோடு வருபவரிடம் பொறுமையாகப் பேசி, தகவலைத் தேடி, பதிலைத் திருப்பிச் சொல்லும் ஆளை. பொட்டலம் வந்து சேராதவர் உங்கள் கிளைக்கு வந்து சத்தம் போட்டிருப்பார் அல்லவா? அந்த வேலையைப் பிரித்தலுக்கு மேலே எழுதுங்கள். அதற்கு முன் எனக்கு இவற்றுக்குப் பதில் வேண்டும்: ஒரு நாளில் இப்படி ஏறத்தாழ எத்தனை பேர் வருவார்கள்? பொட்டலம் எங்கே இருக்கிறது என்பதை எந்த மென்பொருளில் தேடினீர்கள்? நீங்களே முடித்துக் கொடுத்தது எவ்வளவு, மேலாளரிடம் அனுப்பியது எவ்வளவு? எந்தெந்த மொழிகளில் பேசினீர்கள்? மனதில் தோன்றியபடி எழுதி அனுப்புங்கள், வரிகளைச் சேர்ந்து அமைத்துவிடலாம்.