பெரியப்பாவின் உள்ளங்கை

குழு: எங்கள் வீட்டார் (11 பேர்)
ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா, காலை 6:10
[பலமுறை பகிரப்பட்டது]
ஆற்றல் தியானம் உண்மை என்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டனர்!! ஏழு சக்கரங்களும் மின்காந்த அலைகளை வெளியிடுகின்றன. இதயத்தின் காந்தப்புலம் அளக்கப்பட்டுவிட்டது. பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

பெரியப்பா, 6:12
இன்று நாற்பது நிமிடம் அமர்ந்தேன். முடித்துவிட்டு உள்ளங்கைகளை எதிரெதிரே பிடித்தேன். நடுவில் ஒரு பந்து இருப்பதுபோல் தள்ளியது. விரல் நுனிகளில் சுருசுருவென்று ஓட்டம். மீனா, இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாயே, இதற்கு உன் பதில் என்ன?

நான், 6:40
ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே வினாத்தாளா பெரியப்பா?

நான், 6:44
நீங்கள் உணர்ந்ததை நான் மறுக்கவே இல்லை. அது எதனால் வந்தது என்பதில்தான் நமக்குள் வழக்கு.

அருண் அண்ணா, 6:45
போயிற்று. இனி இரவு வரை என் கைப்பேசி ஓயாது.

நான், 6:58
அந்தச் செய்தியில் ஒரு வரி மட்டும் சரி. இதயத்தின் காந்தப்புலத்தை 1963-லேயே பதிவு செய்துவிட்டார்கள். தசையில் மின்னோட்டம் இருந்தால் காந்தப்புலமும் இருக்கத்தானே செய்யும்? ஆனால் அதன் அளவு பூமியின் காந்தப்புலத்தில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1970-ல் அதைத் தெளிவாக அளக்க, வெளிக்காந்தம் நுழையாதபடி கவசமிட்ட அறையும் கடுங்குளிரில் வைத்த உணர்கருவியும் தேவைப்பட்டன. மூளையின் புலம் அதைவிடவும் மிக மெல்லியது. உள்ளங்கையைத் தள்ளுகிற வலு இவற்றுக்கு இல்லை. சக்கரங்களை எந்தக் கருவியும் இதுவரை காட்டியதில்லை.

பெரியப்பா, 7:03
கருவிக்கு எட்டாதது பழகிய மனதுக்கு எட்டும்.

நான், 7:05
அப்படியென்றால் மனதையே கருவியாக வைத்துச் சோதிக்கலாமே. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி செய்து காட்டியிருக்கிறாள்.

நான், 7:13
பெயர் எமிலி ரோசா, அமெரிக்கா. உடலைத் தொடாமல் அதன் ஆற்றலைக் கையால் உணர்ந்து குணப்படுத்துவதாகச் சொன்ன 21 பேரை அழைத்தாள். நடுவே ஓர் அட்டைத் தடுப்பு. அவர்கள் இரண்டு கைகளையும் தடுப்புக்கு அப்பால் நீட்ட வேண்டும். அவள் நாணயத்தைச் சுண்டி, ஏதாவது ஒரு கைக்கு மேல் தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று சொன்னால் போதும். 280 முறை செய்ததில் சரியான விடை 44 சதவீதம். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐம்பது வந்திருக்கும்! 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானபோது அவளுக்கு வயது பதினொன்று.

பெரியப்பா, 7:15
அந்த 21 பேரும் அரைகுறைகளாக இருந்திருப்பார்கள்.

நான், 7:16
ஓராண்டு முதல் 27 ஆண்டு வரை அனுபவம் உள்ளவர்கள்.

பெரியப்பா, 7:16
[இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

வசந்தி அத்தை, 8:30
இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். அண்ணா, அமர்வதற்கு முன் வேக மூச்சும் செய்கிறீர்களா?

பெரியப்பா, 8:32
பத்து நிமிடம். ஆற்றலை எழுப்புவதே அதுதான்.

வசந்தி அத்தை, 8:39
வார்டில் பயந்துபோய் மூச்சிரைக்க வருகிறவர்கள் எல்லாரும் இதே சுருசுருப்பைத்தான் சொல்வார்கள். வேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். காரத்தன்மை கூடும். அதனால் நரம்பைச் சுற்றியுள்ள கால்சியத்தின் கணக்கு மாறி, நரம்பு தானாகவே துடிக்கத் தொடங்கும். விரல் நுனி, உதட்டைச் சுற்றி, பாதம். அளவு மீறினால் விரல்கள் மடங்கி இறுகிவிடும். முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் குண்டலினி எழுந்ததாக எழுதிவைத்ததில்லை.

அருண் அண்ணா, 8:40
அத்தை!

நான், 8:43
வேக மூச்சு இல்லாமலும் வரும். எங்கே கவனத்தை நிறுத்துகிறோமோ அங்கே ஏதாவது ஊறும். யாராவது இப்போது இடது கட்டைவிரலையே ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டிருங்கள்.

அருண் அண்ணா, 8:45
ஊறுகிறது. எனக்குத் தீட்சை ஆகிவிட்டது.

பெரியப்பா, 8:51
சிரியுங்கள். நேற்று என் இரத்த அழுத்தம் 128/82. ஆற்றல் ஓட்டம் சீரானால் மாத்திரை தேவைப்படாது என்று பயிற்சி ஆசிரியர் சொல்கிறார். இந்த மாதத்தோடு நிறுத்தலாம் என்று இருக்கிறேன்.

பெரியம்மா, 8:52
இந்த மாதத்தோடு இல்லை. நான்கு நாட்களாகவே விழுங்கவில்லை. அட்டையில் அப்படியே இருக்கிறது.

வசந்தி அத்தை, 8:53
அண்ணா.

வசந்தி அத்தை, 8:53
[குரல் செய்தி, 2:17]

வசந்தி அத்தை, 8:58
குரலில் கோபமாகச் சொன்னதை நிதானமாக எழுதுகிறேன். அந்த 128 மாத்திரை கொடுத்த எண். மூச்சும் கொஞ்சம் உதவியிருக்கலாம், மறுக்கவில்லை. நிறுத்திய சில நாட்களிலேயே ஏறும் என்றில்லை, ஏறினால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. இரத்த அழுத்தம் சுருசுருவென்று சொல்லிவிட்டு ஏறுவதில்லை. மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட விடக்கூடாது. இன்றே அவரிடம் பேசுங்கள். தியானத்தைத் தாராளமாகச் செய்யுங்கள்.

பெரியப்பா, 10:20
பன்னிரண்டு ஆண்டுகளாக நான் அமர்ந்ததெல்லாம் வீண் என்கிறீர்கள்.

நான், 10:31
இல்லை பெரியப்பா. காலையில் அவசரத்தில் தவறான முனையிலிருந்து தொடங்கிவிட்டேன், மன்னியுங்கள்.

தியானம் பற்றிய 47 ஆய்வுகளை, மொத்தம் 3515 பேர், ஒன்றுசேர்த்து 2014-ல் அலசினார்கள். மனப்பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு பலன் தெரிந்தது. மருந்து, உடற்பயிற்சி போன்றவற்றைவிட மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் பலன் பலன்தானே.

அதற்கு முன்பு, 2001-ல், இத்தாலியில் ஒரு வேடிக்கையான ஆய்வு. லத்தீன் ஜெபமாலையையும் திபெத்திய மந்திரத்தையும் சொல்லச் சொல்லி மூச்சை அளந்தார்கள். இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைத்தன. அந்த வேகத்தில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒரே தாளத்துக்கு வருகின்றன. சொல்லும் தெய்வமும் வேறு, மூச்சு ஒன்றே.

நான், 10:42
எனக்கு மிகவும் பிடித்தது திபெத்தியத் தும்மோ பயிற்சி. அடிவயிற்றில் நெருப்பு எரிந்து முதுகுத்தண்டில் ஏறுவதாகப் பாவிப்பார்கள். அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1982-ல் அளந்தபோது கைகால் விரல்களின் வெப்பம் 8.3 டிகிரி செல்சியஸ் வரை கூடியிருந்தது. 2013-ல் வேறொரு குழு உள்ளுடல் வெப்பத்தையே அளந்தது. 38.3 டிகிரி வரை போனது. உண்மையான சூடு! வெப்பத்தை ஏற்றியது மூச்சை அடக்கித் தசையை இறுக்கும் முறை. நெருப்பைப் பாவித்தது அந்தச் சூட்டை நெடுநேரம் நிறுத்திவைக்க உதவியது. வெறும் நெருப்பு என்றால் ஏறவில்லை. அதனால் உங்கள் ‘ஆற்றல்’ என்ற சொல்லை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: உடம்பை எப்படி இயக்குவது என்று மனதுக்குக் கொடுக்கும் குறிப்பு. பாட்டு ஆசிரியர் ‘குரலை நாபியிலிருந்து எடு’ என்பார். நாபியில் குரல் இல்லை. ஆனாலும் பாட்டு மேம்படுகிறது. அதைக் கேட்டுவிட்டு யாரும் நாபியில் குரல்வளையைத் தேடுவதில்லையே.

பெரியப்பா, 11:15
சரி, உனக்கு ஒரு கேள்வி. மூளை அலையைப் பதிவு செய்யும் முறையைத் தந்த ஹான்ஸ் பெர்கர் எதைத் தேடிப் போனார்? தெரியுமா?

நான், 11:17
தெரியும். இதை நீங்கள் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

பெரியப்பா, 11:22
மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இளம் வயதில் படையில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினார். அன்றே, அவருக்கு ஏதோ ஆபத்து என்று அவருடைய சகோதரிக்குத் தோன்றி வீட்டிலிருந்து தந்தி வந்தது. மனதுக்கு மனம் ஆற்றல் பாய்கிறது என்று நம்பி, அதை அளக்கத்தான் வாழ்நாள் முழுதும் பாடுபட்டார். நம்பிக்கை இல்லையென்றால் உன் விஞ்ஞானம் அங்கே போயே இருக்காது!

நான், 11:30
இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தேடியது கிடைக்கவில்லை, கிடைத்தது மூளையின் மின் அலை. 1924-ல் பதிவு செய்து, ஐந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சரிபார்த்து, 1929-ல் கிடைத்ததை வெளியிட்டார்.

பெரியப்பா, 11:31
ம்.

அருண் அண்ணா, மாலை 6:25
[புகைப்படம்]
காலணிப் பெட்டியின் அட்டை, இரண்டு ஓட்டைகள். அப்பாவே வெட்டினார். அப்பால் அம்மா. நாணயம் அம்மாவிடம். குறிப்பெடுப்பது நான். இருபது முறை.

அருண் அண்ணா, 6:58
இருபதில் 11 சரி.

பெரியப்பா, 6:58
பாதிக்கு மேல். எமிலியிடம் சொல்லுங்கள்.

நான், 7:02
நாணயத்தைச் சுண்டினாலும் இருபதில் 11 எளிதாக வரும் பெரியப்பா. அண்ணா, வரிசையாக எழுதியதை அனுப்புங்கள்.

அருண் அண்ணா, 7:06
அதுதான் விஷயமே. முதல் ஆறில் ஐந்து சரி. நான் மிரண்டுவிட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், அம்மா பாத்திரம் தேய்த்துவிட்டு ஈரக் கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். துடைக்கச் சொன்னேன். அடுத்த பதினான்கில் ஆறு.

பெரியம்மா, 7:07
சில்லென்ற கையை வைத்தால் யாருக்கும்தான் தெரியும். என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

வசந்தி அத்தை, 7:10
மாத்திரை?

பெரியம்மா, 7:10
மருத்துவரிடம் பேசியாயிற்று. பழையபடி தொடரச் சொன்னார். என் கண்ணெதிரே விழுங்கினார்.

பெரியப்பா, 8:15
அடுத்த ஞாயிறு மறுபடி வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தால் கவனம் கூடாது. காலையில், தியானம் முடித்த உடனே. நாற்பது முறை. நாணயம் அருணிடம் இருக்கட்டும்.

நான், 8:17
சம்மதம். கை உலர்ந்திருக்க வேண்டும், எத்தனை சரியானால் வெற்றி என்று முன்பே எழுதிவைக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது.

பெரியப்பா, 8:21
முப்பது. எழுதிக்கொள்.