பெரிய வீடு குடும்பக் குரூப்

உமையாள் ஆச்சி: கோர்ட் அமீனா வந்தார். சம்மனும் பிராது நகலும் கையெழுத்துப் போட்டு வாங்கியாச்சு. தேவகோட்டை சப் கோர்ட். கோயம்புத்தூரான் சொன்னபடியே பாகம் கேட்டு வழக்குப் போட்டுவிட்டான்.

மெய்யப்பன்: எதற்குப் பாகம்? எல்லாம்தான் 1986-லேயே பத்திரம் போட்டுப் பிரித்தாயிற்றே.

உமையாள் ஆச்சி: வளவு முற்றம், பட்டாலைக் கூடம், முன்னோரைக் கும்பிடும் சாமி வீடு. பொதுவில் விட்டது.

பழனியப்பன்: சாமி வீட்டையா!

வள்ளி சிங்கப்பூர்: அப்போ முன்னோருக்குப் போடும் படைப்பு? டிக்கெட் போட்டுவிட்டேன்.

சொக்கலிங்கம் சித்தப்பா: அனைவரும் கவனிக்க. வக்கீல் வேண்டாம். நானே வாதாடுகிறேன். சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 3, ரூல் 1. கட்சிக்காரர் தானே நேரில் ஆஜராகலாம். வக்காலத்துத் தேவையில்லை. கீழ்க் கோர்ட்டில் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், தமிழிலேயே பேசலாம். இந்த வீட்டில் எந்தத் தூண் எப்போது வந்தது என்று எந்த வக்கீலுக்குத் தெரியும்? வாய்தாவுக்கு வாய்தா பணத்தை வாங்கிக்கொண்டு ஜூனியரை அனுப்புவார்கள். இது பாகம் 1.

மெய்யப்பன்: மிக்சி கேஸ் ஆரம்பம்.

பழனியப்பன்: அதில் ஜெயித்தாரே.

அழகு: அது நுகர்வோர் மன்றம் அண்ணே. அங்கே பாதிப் பேர் சொந்தமாகத்தான் பேசுவார்கள்.

மெய்யப்பன்: ஜெயித்த மிக்சி ஓடுகிறதா?

சொக்கலிங்கம் சித்தப்பா: ஓடுகிறது. பாகம் 2. சம்மன் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் பதிலுரை. தக்க காரணம் சொன்னால் 90 நாள் வரை கோர்ட் நீட்டிக்கலாம். போகாமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி, அதாவது நாம் இல்லாமலே தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை உடைக்கவும் 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். பிராதில் உள்ள ஒவ்வொரு பாராவுக்கும் தனித்தனியாக மறுப்பு எழுத வேண்டும். 'எல்லாம் பொய்' என்று மொத்தமாக எழுதினால் மறுக்காததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். நான் 41 பக்கம் எழுதி முடித்துவிட்டேன்.

பழனியப்பன்: சம்மன் இன்றைக்குத்தானே வந்தது?

சொக்கலிங்கம் சித்தப்பா: அவன் வக்கீல் நோட்டீஸ் விட்ட அன்றே ஆரம்பித்தாயிற்று. படித்துப் பாருங்கள்.

சொக்கலிங்கம் சித்தப்பா: [ஆவணம்: பதிலுரை இறுதி, 41 பக்கம்]

உமையாள் ஆச்சி: எனக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். நான் கோர்ட் படி ஏற மாட்டேன்.

சொக்கலிங்கம் சித்தப்பா: எல்லோரும் என் பெயருக்குப் பவர் எழுதுங்கள். முடிந்தது.

அழகு: முடியாது சித்தப்பா. பவர் இருந்தால் தாக்கல் செய்யலாம். அவர்களுக்காக எழுந்து வாதாட, வக்கீல்கள் சட்டம் 1961, 32-ஆவது பிரிவில் நீதிபதி அனுமதி கொடுக்க வேண்டும். ஆச்சிக்கு மட்டும் தெரிந்ததை ஆச்சிதான் கூண்டில் சொல்லணும்.

சொக்கலிங்கம் சித்தப்பா: சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டு.

அழகு: மூன்றாம் ஆண்டு.

அழகு: ஆச்சிக்கு இலவச வக்கீலே கிடைக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால் போதும்.

உமையாள் ஆச்சி: இலவசமா? ஊர் என்ன பேசும்?

மெய்யப்பன்: ஃபீஸுக்காக வளவுத் தூணை விற்றால் ஊர் பேசாதா?

பழனியப்பன்: ஒரு நிமிஷம். கோயம்புத்தூர் மீனா இன்னும் இந்தக் குரூப்பில்தானே இருக்கிறாள்?

வள்ளி சிங்கப்பூர்: ஐயோ.

மெய்யப்பன்: 41 பக்கத்தையும் அழியுங்கள் சித்தப்பா. சீக்கிரம்.

சொக்கலிங்கம் சித்தப்பா: அழித்துவிட்டேன்.

மெய்யப்பன்: எனக்கு இன்னும் தெரிகிறதே.

அழகு: 'எனக்கு மட்டும்' அழித்திருக்கிறார்.

சீதை அத்தை: நான் ஒன்று கேட்கலாமா? 2020-ல் சுப்ரீம் கோர்ட் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு என்று சொல்லிவிட்டதாமே, பெற்ற அப்பச்சி உயிரோடு இல்லாவிட்டாலும்?

சொக்கலிங்கம் சித்தப்பா: சீதை ஆச்சி, 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகத்தை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் தொடாது. நம்முடையது 1986.

சீதை அத்தை: பாகம் போட்டதை யார் கேட்டது தம்பி? போடாமல் விட்ட வளவைத்தான் கேட்கிறேன்.

வள்ளி சிங்கப்பூர்: வெள்ளைப் பணியாரத்துக்கு எவ்வளவு அரிசி நனைக்கணும்?

பழனியப்பன்: சாமி வீட்டுச் சாவி ஒன்று கோயம்புத்தூரானிடம்தானே?

அழகு: சித்தப்பா, அத்தையைப் பிரதிவாதியாகச் சேர்க்காததுதான் அவர்கள் பிராதில் பெரிய ஓட்டை. பங்குதாரர் எல்லோரையும் சேர்க்காமல் பாக வழக்கு நிற்காது. ஆனால் அதை நாம் சொன்னால் அத்தைக்குப் பங்கு உண்டு என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

மெய்யப்பன்: அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது சித்தப்பா?

சொக்கலிங்கம் சித்தப்பா: 37.

சீதை அத்தை: படித்தேன் தம்பி. நன்றாக எழுதியிருக்கிறாய்.

சொக்கலிங்கம் சித்தப்பா: அது ஒரு வாதத்துக்காக எழுதியது சீதை ஆச்சி. பாகம் 3 இங்கே வேண்டாம். 'வழக்கு மட்டும்' என்று புதுக் குரூப் ஆரம்பித்துவிட்டேன்.

பழனியப்பன்: அதிலும் மீனா இருக்கிறாள்.

சீதை அத்தை: எனக்கு வரவில்லையே?

வள்ளி சிங்கப்பூர்: அரிசி எவ்வளவு, யாராவது சொல்லுங்களேன்.

உமையாள் ஆச்சி: முதலில் படைப்பு உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்கள். சமையற்காரர் முன்பணம் கேட்கிறார்.