மரபுத்திரிபு: பிறிதாதல், மிகுதல், குன்றல்

வணக்கம் ஐயா,

மியூட்டேஷன் (mutation) என்பதற்கு "விகாரம்" எங்கள் பாடநூல்களில் ஊறிய சொல், அதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் திருகோணமலையில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஒருநாள் தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோய் பற்றிச் சொல்லும்போது "பரம்பரையலகில் (ஜீனில்) விகாரம்" என்றேன். வகுப்பு முடிய ஒரு பிள்ளை வந்து, "சேர், அப்ப என்ர தம்பி விகாரமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்தச் சொல் என் வாயில் வருவதில்லை.

தமிழகத்தார் சொல்லும் "சடுதிமாற்றம்" டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் செடிகளில் கண்டு 1901இல் எழுதிய திடீர் மாற்றங்களுக்குப் பொருந்தும். நடப்பதோ டி.என்.ஏ. பிரதியாகும்போது அதன் எழுத்து, அதாவது அடினீன், தைமீன் போன்ற மூலம், மாறிப்போவது. "பிறழ்வு" என்றால் குற்றம் தொனிக்கிறது. பெற்றோரிடம் இல்லாத சில பத்து மாற்றங்களோடுதான் நாம் ஒவ்வொருவரும் பிறக்கிறோம்; பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை.

சரி, வேறு என்ன சொல்? சொற்கள் சேரும் புணர்ச்சியில் நேரும் திரிபைத் தொல்காப்பியர் மூன்றாக்குகிறார்: மெய்பிறிதாதல் (ஓர் எழுத்து வேறாவது), மிகுதல், குன்றல். டி.என்.ஏ.யிலும் எழுத்தளவில் நடப்பவை இவையே! நன்னூலார் இவற்றை விகாரம் என்று சொல்லி, தோன்றல், திரிதல், கெடுதல் என்பார். "கெடுதல்" என்று சொல்லியும் நோயாளி வீட்டாரைப் பயமுறுத்த வேண்டாம். ஆகவே பொதுப்பெயர் "மரபுத்திரிபு", வகைகளுக்குத் தொல்காப்பியரின் பெயர்கள்.

அரிவாட்கல நோய் (sickle cell) பிறிதாதல். ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலிக்குரிய பரம்பரையலகில் ஓர் அடினீன் இருந்த இடத்தில் தைமீன் வர, புரதத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் போய் வலீன் என்ற இன்னொன்று வந்துவிடுகிறது.

குன்றல் இன்னும் கடுமையாகலாம், ஏனென்றால் கலம் (செல்) டி.என்.ஏ.யின் செய்தியை மும்மூன்று எழுத்தாகவே வாசிக்கிறது. "படகு கடல் மணல்" என்பதில் முதல் "ட" விழட்டும். "பகுக டல்ம ணல்" என்றாகிவிடும். ஓர் எழுத்து மிகுந்தாலும் இதே கதிதான். இதற்குச் "சீர்பெயர்வு" என்ற சொல்லை முன்வைக்கிறேன். செய்யுளடி சீர்களாகப் பிரிவதுபோல இங்கே மூவெழுத்துத் தொகுதியைச் சீர் என்பது யாப்பு தெரிந்தவருக்கு உடனே விளங்கும். மூன்று எழுத்துகள் சேர்ந்தே குன்றினால் சீர் பெயராது. நுரையீரலைத் தாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் அதிகம் காணப்படும் திரிபு அப்படித்தான்: புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மட்டும் குறையும்.

ஒரு குழப்பம் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் வைரசின் புதிய வகைகளையே "திரிபு" என்று எழுதினார்கள். அவற்றைத் "திரிவகை" என்று பிரித்துவிடலாமா? இதில் உங்கள் கருத்து எனக்கு வேண்டும்.