ஹூக்கா கண்ணாடிக் குடுவையில் விரிசல்: ஒட்டலாமா, மாத்தணுமா?

எல்லாருக்கும் வணக்கம். ஹூக்காவுல தண்ணி நிக்கிற கண்ணாடிக் குடுவையில விரிசல் விட்டிருக்கு. ரப்பர் உட்கார்ற விளிம்புல ஆரம்பிச்சு, கழுத்து வளைவு வரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு கோடு. நகத்தால தடவினா தட்டுப்படுது. தண்ணி கசியலை, ஆனா இழுக்கும்போது புகை மெலிசா வருது. காத்து உள்ள போகுதுன்னு நினைக்கிறேன்.

எபாக்ஸி பசை பூசினா போதும்னு சிலர் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பலை. தண்டை, அதாவது புகையைத் தண்ணிக்குள்ள இறக்கற குழாயை, செருகும்போது அதைச் சுத்தி இருக்கற ரப்பர் கழுத்தை வெளிப்பக்கமா நெருக்கும்; அந்த அழுத்தத்துலயே விரிசல் இன்னும் கீழ இறங்கிடாதா? கழுவ வெந்நீர், அப்புறம் ஐஸ்னு மாத்தி மாத்தி ஊத்தினா சொல்லவே வேண்டாம். புகையே நல்லதில்ல, அதுல பசை வேறயான்னு வீட்ல கேக்குறாங்க. நியாயம்தான். யாராவது கண்ணாடிக்கு யூவி பசை (புற ஊதா வெளிச்சத்துல இறுகறது) போட்டுப் பார்த்திருந்தா எத்தனை நாள் தாங்குச்சுன்னு சொல்லுங்க.

குடுவையை மட்டும் தனியா வாங்கறதா இருந்தா எதையெல்லாம் அளக்கணும்? என்னுது திருகற மாடல் இல்ல, ரப்பர் வெச்சு அழுத்தறது. கழுத்தோட உள்விட்டம் 45 மி.மீ. தண்டு முனை தண்ணிக்குள்ள 2, 3 செ.மீ. மூழ்கணும், அடியிலயும் முட்டக்கூடாது. அதனால உயரமும் முக்கியம். ரப்பர் கூம்பு மாதிரி இருக்கறதால 1 மி.மீ. கூடக்குறைய இருந்தா சமாளிக்குமா, இல்ல ரப்பரையும் சேர்த்து மாத்தணுமா?

அக்ரிலிக் (கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக்) குடுவை வெச்சிருக்கவங்களும் சொல்லுங்க, சீக்கிரம் மங்கிடுமா?