ஹம்பி பார்த்தவர்களுக்கு வேலூரில் ஒரு காலை

பூனா அத்தை: அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம்தான் ஹம்பியைப் பார்த்துவிட்டு வந்தோம். வரும் சனிக்கிழமை வேலூரில் ஒரு பகல் மட்டும் இருப்போம். பொற்கோயிலுக்கும் ஏலகிரிக்கும் போய்விட்டு இரவு ரயிலைப் பிடித்துவிடலாமா, அண்ணா? மாமியாரும் வருகிறார், அவருக்கு முழங்கால் வலி.

சத்துவாச்சாரி பெரியப்பா: இரண்டையும் ஒரே பகலில் வைத்தால் பாதி நேரம் நெடுஞ்சாலையிலேயே போய்விடும், அம்மா. ஹம்பி பார்த்த கண்ணோடு வருகிறவர்கள் வேலூர்க் கோட்டையைத் தவறவிடக் கூடாது. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்று ஹம்பியைக் கைவிட்ட விஜயநகர அரசு, பெனுகொண்டா, சந்திரகிரி என்று இடம் மாறிக் கடைசியில் நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. இடிந்த தலைநகரை அங்கே பார்த்தீர்கள். இடியாத கோட்டையும், அகழியில் நீரும் இங்கே இருக்கின்றன.

அத்தை மகன்: ஹம்பியில் விட்டலர் கோயில் மண்டபத்தைப் பார்த்த பிறகு இங்கே புதிதாக என்ன இருக்கும், மாமா? 1806 புரட்சி நடந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதாதா?

சத்துவாச்சாரி பெரியப்பா: அதையும் பார்க்கலாம். திருநீறோ நாமமோ இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற ஆங்கிலேயரின் உத்தரவுகளால் கொதித்த சிப்பாய்கள், திப்பு சுல்தானின் குடும்பத்தார் காவலில் இருந்த அதே கோட்டைக்குள் ஜூலை 10 அன்று எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி அன்றைக்கே அதை அடக்கிவிட்டார். நினைவுத்தூண் கோட்டைக்கு வெளியே மக்கான் அருகில் இருக்கிறது, போகிற வழியில் நிறுத்தினால் போதும்.

ஆனால் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கு. முன்வரிசைத் தூண்களில் பாயும் குதிரைகளும் யாளிகளும், அவற்றின் மேல் வீரர்களும் இருப்பதை எல்லாரும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீ உள்ளே போய் அண்ணாந்து பார். விதானத்தின் நடுவே கல் தாமரை. அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். நான் கல்லூரியில் படித்த காலத்தில் அந்தக் கோயிலில் சுவாமியே கிடையாது. எங்கள் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-இல்தான் கொண்டுபோய் மீண்டும் வைத்தார்கள். ‘சாமி இல்லாத கோயில்’ என்று வேலூரைக் கேலி செய்தவர்கள் அதன்பிறகு வேறு கேலியைத் தேட வேண்டியதாயிற்று.

காட்பாடி சித்தி: மாமா சொல்வது சரிதான், ஆனால் பக்கத்து ஊரான விரிஞ்சிபுரத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? ‘திருவிரிஞ்சை மதிலழகு’ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? மார்க்கபந்தீசுவரர் கோயிலில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது, அக்கா. அரைவட்டமாக எண்கள் செதுக்கிய அந்தக் கல்லின் மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. தம்பி தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பூனா அத்தை: மாமியாரால் படி ஏற முடியாதே?

காட்பாடி சித்தி: இரண்டுமே சமதளத்துக் கோயில்கள்தான். வெறுங்காலோடு கருங்கல்லில் நடக்க வேண்டியிருப்பதால் வெயில் ஏறும் முன் போவதுதான் முக்கியம்.

சத்துவாச்சாரி பெரியப்பா: அப்படியானால் விரிஞ்சிபுரத்தை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் விழுந்தால்தான் அந்தக் கல் மணி சொல்லும் என்பதால் எட்டு மணிக்கு அங்கே இருந்தால் போதும். பத்து மணிக்குக் கோட்டைக்கு வந்துவிடலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே கோட்டைக்குள் உள்ள அருங்காட்சியகத்தைப் பிறகு பார்க்கலாம். பொற்கோயிலுக்கு மாலையில் போங்கள். விளக்கு வெளிச்சத்தில்தான் அது எடுப்பாக இருக்கும். ஏலகிரி இந்த முறை வேண்டாம்.

அத்தை மகன்: சரி, மாமா. மதியச் சாப்பாட்டுக்கு ஆம்பூர் போய்விட்டு வரலாமா?

காட்பாடி சித்தி: பிரியாணிக்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி எண்ணெய்க் குழம்பு வைக்கிறேன், அனைவரும் வீட்டுக்கு வந்துவிடுங்கள். எத்தனை பேர் என்று மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், அக்கா.