வடம்போக்கித் தெரு குரூப்: பிளாசியில பெஞ்ச மழை

கோபி: (ஃபார்வர்ட்) "அரை மணி நேர மழைதான் இந்தியாவை வெள்ளைக்காரனிடம் கொடுத்தது!" செல்லையா மாமா, இது நிசமா?

செல்லையா மாமா: பாதி நிசம்ப்பா. 1757 ஜூன் 23, வங்காளத்துல பிளாசி. கம்பெனித் தளபதி கிளைவுக்கும் வங்காள நவாபுக்கும் சண்டை. மத்தியானம் ஊத்துச்சு. மழை ரெண்டு பக்கமும்தான் பெஞ்சுச்சு. கிளைவ் ஆளுக வெடிமருந்துப் பெட்டி மேல தார்ப்பாய இழுத்து மூடிட்டாங்க. நவாப் பக்கம் மூடல, மருந்து நமுத்துப்போச்சு.

செல்லையா மாமா: 'அவன் பீரங்கியும் நனைஞ்சிருக்கும்'னு நினைச்சு நவாபோட தளபதி மீர் மதன், கிளைவ் படை நின்ன மாந்தோப்பப் பாத்துப் பாஞ்சாரு. அங்க எல்லாம் காஞ்சு தயாரா இருந்துச்சு. குண்டு பட்டு விழுந்தாரு.

ராணி டீச்சர்: நவாப் பக்கமே இருந்து கிளைவோட ரகசியமா சேந்த தளபதி மீர் ஜாபர விட்டுட்டு மழை மேல பழி போடாதீங்க சார். நவாப் படையில பெரும்பகுதி அசையாமயே நின்னுச்சு.

செல்லையா மாமா: அதான் டீச்சர் பாதினு சொன்னேன் 😄

பாண்டி (சிவகாசி): மாமா, வெடிமருந்துன்னா வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்தது. வெடியுப்பு சுத்தமா இல்லாட்டி காத்துல உள்ள ஈரத்தையே இழுக்கும். நேரா நனைஞ்சா இன்னும் மோசம். உப்பு மட்டும் கரைஞ்சு கரி, கந்தகத்த விட்டுப் பிரிஞ்சுரும். திரும்பக் காய வச்சாலும் அங்கங்க வெள்ளையா பூத்து நிக்கும், பழைய கலவை வராது.

கோபி: துப்பாக்கிக்குமா?

செல்லையா மாமா: அதுக்குத்தான் முதல்ல. சக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி விழுறது ஒரு சின்னக் கிண்ணத்துல. அதுல ஒரு சிட்டிகை மருந்து. அது பத்தி, ஊசித் துளை வழியா குழலுக்குள்ள நெருப்பு போகணும். நாலு சொட்டு விழுந்தா கிண்ணத்துல களிதான். துடைச்சுப் புதுசா போடலாம். குழலுக்குள்ள நனைஞ்சா, கம்பி நுனியில திருகாணி மாட்டிக் குண்டைத் துளைச்சு வெளிய இழுக்கணும். எதிரி எதுத்தாப்புல நிக்கும்போது!

செல்லையா மாமா: அதனால துப்பாக்கி விசை மேல மசகு தடவுன தோல் உறை, பீரங்கித் துளைக்கு ஈயத் தகடு.

ராணி டீச்சர்: வாட்டர்லூவுல (1815 ஜூன் 18) வம்பு மண்ணால. முந்தின ராத்திரி பூரா மழை. தரை இறுகட்டும்னு நெப்போலியன் பகல் பதினொன்றரை வரை காத்திருந்தாரு. தெப்பக்குளத்துல ஓட்டாஞ்சில்லு விட்டா தத்தித் தத்திப் போகும்ல, காஞ்ச தரையில உருண்டைக் குண்டும் அப்படித்தான், வரிசையாச் சாய்க்கும். சேத்துல பொதக்குனு புதைஞ்சிரும். அந்தத் தாமதத்துல சாயங்காலம் எதிரிக்குத் துணையா பிரஷ்யப் படை வந்துருச்சு, நெப்போலியன் தோத்தாரு.

லட்சுமி அக்கா: நம்ம மதுரைக் கோட்டையில நடக்கலையா மாமா?

செல்லையா மாமா: நடந்துச்சே. 1763, உள்ள யூசுப் கான், அதான் மருதநாயகம். வெளிய கம்பெனிப் படை. முற்றுகைக்குப் பள்ளத்த வளைச்சு வளைச்சு வெட்டிக்கிட்டே கிட்டக்கப் போகணும். நேரா வெட்டினா மதில் மேல இருந்து பள்ளத்தோட நீளத்துக்கும் சுடுவான். 24 பவுண்டு குண்டு போடுற பீரங்கின்னா குழல் மட்டும் ரெண்டரை டன். ஐப்பசி மழையில பள்ளம் வாய்க்காலாகும், மண்மேடு கரையும், சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கும். அந்த வருசம் விட்டுட்டுப் பின்வாங்கிட்டாங்க.

லட்சுமி அக்கா: அப்புறம்?

செல்லையா மாமா: 1764-ல மழைக்கு முன்னாடியே வந்து, சோறு போற வழியையும் அடைச்சாங்க. கடைசியில கூட இருந்தவங்களே பிடிச்சுக் குடுத்தாங்க. அக்டோபர் 15 தூக்கு.

ராணி டீச்சர்: இங்கயும் ஒரு மீர் ஜாபர்.

கோபி: அப்ப ஃபார்வர்ட அழிச்சிரவா?

செல்லையா மாமா: வேணாம். கீழ 'தார்ப்பாய்'னு ஒரு வார்த்தை சேத்துப் போடு.